மூன்று கிலோவாட் காற்றாலை: நாலு வருஷமும் ஒரு டர்ன்பக்கிளும்

மொரீஷியஸில் ஃபிளாக் பக்கம் கரும்பை விட்டுக் காய்கறிக்கு மாறிய நண்பர் ஒருவர் கேட்கிறார்: மூன்று கிலோவாட் காற்றாலை விலை இறங்கியிருக்கிறதே, தோட்டத்தில் நடலாமா? இறக்கை நீளம், வோல்டேஜ் எல்லாம் விற்பவர் தரும் தாளிலேயே இருக்கிறது. தாளில் இல்லாதது இது.

என்னிடம் ஓடும் மெஷினைக் குறை சொல்ல வாயில்லை. நாலு வருஷத்தில் பேரிங் ஒரு தடவை, சுழலும் தலையிலிருந்து மின்சாரத்தைக் கீழே கடத்தும் ஸ்லிப் ரிங் பிரஷ் ஒரு தடவை, அவ்வளவுதான் செலவு. குளிர்காலத் தென்கிழக்குக் காற்றில் கோல்ட் ரூமுக்கு நல்ல துணை. 3 கிலோவாட் என்பது வினாடிக்கு 12 மீட்டர் காற்றுக்கான கணக்கு என்பது மட்டும் நினைவிருக்கட்டும். காற்று பாதியானால் அதன் பலம் எட்டில் ஒன்றாகிவிடும். 6 மீட்டரில் 400 வாட் வந்தாலே சந்தோஷப்படலாம்.

எரிச்சலெல்லாம் கம்பத்தின் மேல்தான். புயல் வரும் தீவில் சாய்க்கிற கம்பம்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. 18 மீட்டர் கம்பம், அடியில் கீல், நாலு பக்கம் இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி, கம்பத்தை ஏற்றி இறக்க நெம்புகோலாக நிற்கும் துணைக் கம்பம் (ஜின் போல்), கம்பியைச் சுற்றி இழுக்கும் வின்ச். காகிதத்தில் ஒரு மணி நேர வேலை. நடப்பில் பக்கவாட்டு ஸ்டே கம்பிதான் உயிரை வாங்குகிறது.

காரணம் எளிது. ஸ்டே கம்பியைத் தரையில் பிடிக்கும் கான்கிரீட் ஆங்கர்களில் பக்கவாட்டில் உள்ள இரண்டும் கீலின் அச்சுக்கு நேர்கோட்டிலும் அதே மட்டத்திலும் இருக்க வேண்டும். இங்கே நிலம் சரிவு, மண்ணைக் கிளறினால் கருங்கல். தோண்டச் சலித்து, நட்டவர்கள் ஒரு பக்கம் 40 சென்டிமீட்டர் உயரத்திலேயே கான்கிரீட்டை ஊற்றிவிட்டார்கள். கம்பி கம்பத்தில் 15 மீட்டர் உயரத்தில், ஆங்கர் 9 மீட்டர் தள்ளி என்றால், கம்பம் படுக்கும்போது அந்தக் கம்பிக்குக் கூடுதலாக 35 சென்டிமீட்டர் நீளம் தேவைப்படும். கம்பியை முறுக்கி இறுக்கவும் தளர்த்தவும் உள்ள மரைத் திருகை, அதாவது டர்ன்பக்கிளை, முழுசாகத் தளர்த்தினாலும் அவ்வளவு கிடைக்காது. கவனிக்காமல் வின்ச்சைச் சுற்றினால் கம்பம் வளையும். ஆங்கர் தாழ்ந்திருந்தாலோ கம்பி தொய்ந்து, கம்பம் பக்கவாட்டில் ஆடும். அது இன்னும் மோசம்.

அந்த டர்ன்பக்கிளும் ஸ்டெயின்லெஸ். பளபளவென்று இருந்தது, மரை கடித்துக்கொண்டது. பக்கத்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியின் துத்தநாகத்தையும் உப்புக்காற்றின் துணையோடு தின்றுவிட்டது. இப்போது உருகிய துத்தநாகத்தில் தோய்த்த ஹாட் டிப் ஜி.ஐ. டர்ன்பக்கிள், இடையில் அரை மீட்டர் சங்கிலி, மரை முழுக்க லானோலின் கிரீஸ், மேலே கிரீஸ் தோய்த்த துணிப் பட்டை. தானாகச் சுழன்று கழலாமல் இருக்க டர்ன்பக்கிளின் நடுவே ஒரு கட்டுக் கம்பி. வருஷத்துக்கு இரண்டு முறை, புயல் பருவத்துக்கு முன் கட்டாயம், பட்டையைப் பிரித்து ஒரு சுற்று தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டும்.

புயலுக்கான முதல் கட்ட எச்சரிக்கையான கிளாஸ் 1 வந்ததுமே கம்பத்தை இறக்குங்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றுக்கு அப்போது 36 முதல் 48 மணி நேரம் இருக்கும். கிளாஸ் 2 வரை பார்த்துக்கொண்டிருந்தால் காற்று ஏறிவிடும், மூன்று ஃபேஸையும் ஷார்ட் செய்தாலும் இறக்கை நிற்காமல் காயில் சூடாகும். வின்ச்சில் ஒருவர், பக்கக் கம்பி ஒவ்வொன்றுக்கும் ஒருவர். கம்பம் தரையை நெருங்கும்போதுதான் வின்ச்சின் பாரம் உச்சம், அந்த நேரத்தில் யாரும் கீழே நிற்கக் கூடாது. மரக் கவட்டை ஒன்றைத் தயாராக வைத்தால் இறக்கை மண்ணில் மோதாது.

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 150 மீட்டருக்குள் உள்ள எதையும்விட இறக்கையின் கீழ்முனை 10 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். கரும்புக்கு 18 மீட்டர் கம்பம் போதும். வரப்பில் ஃபிலாவோ (சவுக்கு) வரிசை வளர்ந்திருந்தால் போதாது.

இன்று கேட்டால், சரிவு நிலத்தில் வேண்டவே வேண்டாம் என்பேன். குளிர்காலக் காற்று வீசும் ஆகஸ்ட்டில் கேட்டிருந்தால் நாளைக்கே நடுங்கள் என்றிருப்பேன். எப்படியும் நடுவதென்றால், ஆங்கருக்குக் கான்கிரீட் ஊற்றும் நாளில் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயோடு (டியூப் லெவல்) நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.