ரொறன்ரோவில் இப்ப எத்தனை மணி? விரற்கணக்கு, உலகக் கடிகாரம், கலண்டர்: எதை எதற்கு நம்பலாம்

இலங்கை நேரம் யூடிசி எனும் உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னே. கோடை, மாரி என்று அது அசைவதில்லை. அசைவது மற்றப் பக்கம். ரொறன்ரோ அவர்களின் மாரியில் எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால், கோடையில் ஒன்பதரை. லண்டன் ஐந்தரை, நாலரை. பாரிஸ், சூரிச், ஒஸ்லோ மூன்றும் நாலரை, மூன்றரை. சிட்னியும் மெல்பேர்ணும் எங்களுக்கு முன்னால்: குளிர்காலத்தில் நாலரை, கோடையில் ஐந்தரை. டுபாய் வருடம் முழுக்க ஒன்றரை பின்னால், சிங்கப்பூர் இரண்டரை முன்னால்.

இவ்வளவையும் பாடமாக்குவது பெரிய வேலையில்லை. எந்தத் திகதிக்கு எந்த எண் என்பதில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள். அதனால் ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வி வைத்து எடைபோட்டோம்: இது திகதியைக் கேட்கிறதா?

விரற்கணக்கு கேட்பதில்லை. ஆனாலும் வீட்டுக் கதைக்கு அதுவே வேகமானது. முள்ளுள்ள கைக்கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்தால் லண்டனின் மாரி நேரம் தெரியும். இங்கே பின்னேரம் 2.30 என்றால் மணிமுள் 2க்கும் 3க்கும் நடுவே, நிமிடமுள் 6இல். கவிழ்த்ததும் நிமிடமுள் 12க்கும் மணிமுள் 9க்குச் சற்று முன்னும் வந்துவிடும்: லண்டனில் காலை 9.00. கோடையென்றால் ஒன்றைக் கூட்டி 10.00. ரொறன்ரோவுக்குப் பகலை இரவாக்கி, மாரியில் ஒன்றரையும் கோடையில் இரண்டரையும் கூட்டுங்கள். நல்லூர்த் திருவிழா கோடையில் வருகிறது. காலை 7 மணிப் பூசையை நேரலையில் பார்க்க நினைக்கும் ரொறன்ரோக்காரர் முதல் நாள் இரவு 9.30க்குத் திரைக்கு முன் இருக்க வேண்டும். ‘முதல் நாள்’ என்ற சொல்லை விட்டுவிட்டு மணியை மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் வழமையான பிழை.

போனில் உள்ள உலகக் கடிகாரம் அம்மாவும் பிள்ளையும் கதைக்கப் போதும். ‘இந்த நேரம் அவை எழும்பியிருப்பினமோ’ என்று பார்க்க அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அது காட்டுவது இந்த நிமிடத்தை மட்டும். 2026 அக்டோபர் 20இல் அதைப் பார்த்து, நவம்பர் 3 ரொறன்ரோ காலை 9 மணிக் கூட்டத்தை இங்கே 6.30 என்று குறித்தால் ஒரு மணித்தியாலம் வீணாகக் காத்திருப்பீர்கள். நவம்பர் 1இல் அவர்கள் கடிகாரத்தைப் பின்வைப்பார்கள். கூட்டம் எங்களுக்கு இரவு 7.30. ஐரோப்பா அதற்கு ஒரு கிழமை முந்தி, அக்டோபர் 25இலேயே மாறிவிடும். வசந்தத்தில் இடைவெளி இன்னும் நீளம்: கனடா மார்ச் 8, ஐரோப்பா மார்ச் 29. அந்த மூன்று கிழமையும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே 5க்குப் பதில் 4 மணித்தியாலம்தான். இரண்டு ஊராரையும் ஒரே அழைப்பில் சேர்ப்பவர்கள் இந்த நாட்களைச் சுவரில் எழுதி வையுங்கள். சிட்னி ஏப்ரல் 5இலும் அக்டோபர் 4இலும் மாறும். அதே ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் மாறவே மாறாது.

டைம் அண்ட் டேட், வேர்ல்ட் டைம் படி போன்ற தளங்கள் திகதியையும் வாங்கிக்கொள்கின்றன. அங்கே ஊரின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும், சுருக்கெழுத்தை அல்ல. ஐஎஸ்டி என்றால் இந்தியாவும் ஆகலாம், அயர்லாந்தும் ஆகலாம், இஸ்ரேலும் ஆகலாம். கனடாக்காரர் ஜூலையிலும் பழக்கத்தில் ஈஎஸ்டி என்று, அதாவது மாரி நேரத்தின் பெயரை, எழுதுவார்கள். அதை அப்படியே போட்டால் ஒரு மணித்தியாலம் பிசகும், ஏனென்றால் கோடையில் அது ஈடிடி.

விரிதாளில் பணிமுறை அட்டவணை போடுவோருக்கு ஒரு எச்சரிக்கை. 5.30 என்று தசமத்தில் எழுதினால் அது 5 மணித்தியாலம் 18 நிமிடம். 5.5ஐ 24ஆல் வகுத்துத்தான் கழிக்க வேண்டும். திகதி இல்லாமல் நேரத்தை மட்டும் கழித்து விடை பூச்சியத்துக்குக் கீழே போனால் எக்செல் கட்டம் முழுக்க வேலிக்குறிதான் (#) வரும்.

வேலைக்கு எங்கள் தேர்வு கலண்டர் அழைப்பு. கூகிள் கலண்டரில் நிகழ்வைத் திறந்து, நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள நேர வலயத்தை அழுத்தி, வாடிக்கையாளரின் ஊரைத் தெரிந்து, அவர் சொன்ன மணியை மாற்றாமல் அப்படியே இடுங்கள். மாற்றும் வேலை அதனுடையது. கிழமைதோறும் வரும் கூட்டமென்றால் யாருடைய வலயத்தில் போடுகிறீர்கள் என்பதை முதலே பேசித் தீருங்கள். லண்டன் வலயத்தில் போட்டால் மார்ச் முடிவில் உங்கள் மணி ஒன்று முந்தும். கொழும்பு வலயத்தில் போட்டால் அவர்களுடையது ஒன்று பிந்தும். இரண்டும் சரிதான், ஆனால் ஒருவர் அசையத்தான் வேண்டும்.

இதைக் கெடுக்கும் பழக்கம் ஒன்றுண்டு: வாடிக்கையாளர் நேரம் தெரியட்டும் என்று வலயத்தை விட்டுவிட்டுக் கணினியின் மணியையே கையால் திருப்புவது. திரையில் எண் சரியாக இருக்கும். உள்ளே யூடிசி பிழைத்துவிடும். நினைவூட்டல்கள் கண்ட நேரத்தில் ஒலிக்கும், சில பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கலாம். போனில் செய்தால் வட்ஸ்அப் திகதி பிழையென்று நின்றுவிடக்கூடும். கூகிள் கலண்டரின் இணையப் பதிப்பில் இரண்டாவது நேர வலயத்தைப் பக்கத்தில் காட்டும் அமைப்பு இருக்கிறது; அதுவே போதும்.

பயணத்துக்கு எந்தக் கருவியும் தேவையில்லை, ஒரு பென்சில் போதும். ரிக்கெற்றில் உள்ள ஒவ்வொரு மணியும் அந்தந்த விமான நிலையத்தின் உள்ளூர் மணி. ஜூலையில் கட்டுநாயக்காவில் 13.00 புறப்பட்டு லண்டனில் 19.30 இறக்கம் என்றால் வித்தியாசம் ஆறரை. அதோடு நாலரையைக் கூட்ட, பறப்பு 11 மணித்தியாலம். பலாலியிலிருந்து சென்னைக்கு மாற்ற எதுவுமில்லை, இரண்டும் ஒரே மணி. ஆட்கள் விமானத்தைத் தவறவிடுவது திகதியால்தான்: ‘15ஆம் திகதி 00.45’ என்றால் 14ஆம் திகதி இரவு. மூன்று மணித்தியாலம் முன்னே கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும், ஏழெட்டு மணித்தியாலம் ஓட்டம். ஆகவே 14ஆம் திகதி மதியம் ஒரு மணிக்காவது யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட வேண்டும்.

பஞ்சாங்கத்தை வெளிநாட்டுக்கு மாற்றுவோர் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். திதியும் நட்சத்திரமும் முடியும் கணம் உலகம் முழுவதுக்கும் ஒன்று. இங்குள்ள மணியிலிருந்து நேர வித்தியாசத்தைக் கழித்தால், சிட்னி போல எங்களுக்கு முன்னால் உள்ள ஊரென்றால் கூட்டினால், சரி. இராகுகாலம் அப்படியல்ல. அது அந்த ஊரின் பகற்பொழுதை எட்டாகப் பிரித்து வருவது. ஒஸ்லோவுக்கென்றால் ஒஸ்லோவின் சூரியோதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்தே கணிக்க வேண்டும்.

சாதகத்துக்குப் பிறந்த நேரம் கொடுக்கும்போது கூடுதல் கவனம். 1996 மே 25இல் இலங்கை மணி ஆறரைக்கு முன்தள்ளப்பட்டது, அதே ஆண்டு அக்டோபர் 26இல் ஆறுக்கு வந்தது, 2006 ஏப்ரல் 15இல்தான் மறுபடி ஐந்தரை. அந்தப் பத்தாண்டில் பிறந்தவருக்கு +5.30 என்று மாறாத எண்ணைப் போடும் மென்பொருள் அரை மணித்தியாலம், 1996இன் அந்த ஐந்து மாதத்தில் ஒரு மணித்தியாலம், பிழைக்கும், லக்கினமே மாறக்கூடும். ‘ஆசியா/கொழும்பு’ என்று ஊர்ப் பெயரால் வலயம் கேட்கும் மென்பொருள் இந்த மாற்றங்களை அறியும். ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. அங்கே பிறந்தவரென்றால், குறிப்பில் உள்ளது பழைய நேரமா புதிய நேரமா என்று எழுதியவரிடமோ வீட்டுப் பெரியவர்களிடமோ கேட்டு, பழையதென்றால் +5.30ஐயே கையால் கொடுங்கள்.