புது வீட்டுக்குக் கேமரா: வயர் இழுப்பதா, வைஃபையே போதுமா?

ரினோவேஷன் முடிந்துவிட்டதா, இன்னும் சுவரை உடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்களா? புது வீட்டுக்குக் கேமரா மாட்ட யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். எந்த பிராண்ட் நல்லது என்பதெல்லாம் அப்புறம். வயர் இழுக்க வழி இருக்கிறதா இல்லையா என்பதே பாதி விஷயத்தை முடிவு செய்துவிடும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டித் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் வந்துவிட்டன. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள் வாங்கும் முதல் சொந்த வீடு, பிள்ளைகள் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வேலையில், வீட்டில் அப்பா அம்மா மட்டும். லயத்தில் யார் வந்தாலும் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிந்துவிடும். தாமானில் கேட்டைச் சாத்திவிட்டால் அவரவர் பாடு அவரவருக்கு. அதனால் கேமரா இரண்டு வேலை செய்தாக வேண்டும்: வந்தவன் முகம் தெரிய வேண்டும், தூரத்தில் இருக்கிற பிள்ளை எந்நேரமும் திறந்து பார்க்க முடிய வேண்டும்.

வைஃபை கேமராவிலிருந்து ஆரம்பிப்போம், பெரும்பாலானோர் வாங்குவது அதுதான். டாப்போ, இஸ்விஸ், இமோ என்று கடையில் அடுக்கியிருக்கிறார்கள், வீட்டுக்குள் வைக்கிறது நூறு வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டியே கிடைக்கிறது. இஸ்விஸ் ஹிக்விஷனிலிருந்து வந்தது, இமோ டாஹுவாவிலிருந்து வந்தது, டாப்போ டிபி-லிங்க் உடையது. மூன்றுமே செயலி வசதியில் நன்றாக இருக்கின்றன, அம்மாவிடம் கேமரா வழியாகவே பேசலாம். ஹாலுக்கு இதைவிட வேறு தேவையில்லை என்றே சொல்வேன். வாசலுக்கு வரும்போதுதான் பிரச்சினை. வைஃபை என்றால் வயரே வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அதற்கும் கரண்ட் வேண்டும், போர்ச்சில் ஒரு பிளக் பாயிண்ட் இழுத்தாக வேண்டும். எப்படியும் வயர்மேன் வந்து சுவரைத் துளைக்கப் போகிறார் என்றால், அதே துளையில் நெட்வொர்க் கேபிளை விட்டுவிட்டால் என்ன? அதோடு ரௌட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கும், நடுவில் செங்கல் சுவர், இரும்பு கிரில், ஜிங்க் கூரை, இவ்வளவையும் தாண்டித்தான் சிக்னல் போக வேண்டும். பதிவு மெமரி கார்டில் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. திருடன் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் அவன் முகமும் அவனோடு போய்விடும். மாதச் சந்தா கட்டி இணையத்தில் சேமிக்கலாம்தான், அது வருடக்கணக்கில் சேரும் செலவு.

சோலார் பேட்டரி கேமரா, வாசல் வேலைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பெரும்பாலும் அது தூங்கிக்கொண்டே இருக்கும், உடல் சூட்டைக் கண்டால்தான் விழிக்கும், விழித்துப் பதிவைத் தொடங்குவதற்குள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவனின் முதுகுதான் மிஞ்சும். கரண்டே இல்லாத பழத்தோட்டத்துக்கு, ஆட்டுக் கொட்டகைக்கு, சிம் கார்டு போடுகிற 4ஜி சோலார் கேமரா சரி.

டிவிஆர் என்கிற பதிவுப் பெட்டிக்கு, டிவி ஆன்டெனா வயர் மாதிரியான கோஆக்ஸியல் வயர் போட்ட பழைய முறை, இன்னும் சாகவில்லை. அந்த வயரிலேயே தெளிவான படம் அனுப்புகிற டிவிஐ, சிவிஐ தொழில்நுட்பத்தில் 1080பி, 5 மெகாபிக்சல் வரை தாராளமாக வருகிறது, விலையும் குறைவு. ஏற்கெனவே அந்த வயர் ஓடுகிற பழைய வீட்டை வாங்கியிருந்தால் கேமராவையும் பெட்டியையும் மட்டும் மாற்றுங்கள், வயரைப் பிய்க்க வேண்டாம். புது வீட்டில் புதிதாகக் கோஆக்ஸியல் இழுப்பதற்கு மட்டும் எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மிச்சம் இருப்பது பிஓஇ கேமராவும், அதன் படத்தைப் பதிந்து வைக்கிற என்விஆர் பெட்டியும். ஒரே நெட்வொர்க் கேபிளில் கரண்டும் படமும் போகிறது, 100 மீட்டர் வரை ஓட்டலாம், போர்ச்சில் பிளக் தேவையில்லை. பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால், வெளியே கேமராவை உடைத்தாலும் அதுவரை பதிவானது பத்திரம். நான்கு கேமராவும் பெட்டியும் கூலியும் சேர்த்தால் ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும், அதை மறைக்க முடியாது. இணையம் அறுந்தாலும் பதிவு நிற்காது. சின்ன யுபிஎஸ் ஒன்றை பெட்டிக்குக் கொடுத்துவிட்டால், கரண்ட் போன பிறகும் நான்கு கேமராவும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். வைஃபையில் அப்படிச் செய்ய ஒவ்வொரு கேமராவுக்கும் ரௌட்டருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சேமிப்புக் கணக்கைக் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் நீங்களே போட்டுப் பாருங்கள். 4 மெகாபிக்சல் கேமரா எச்.265 என்கிற படச் சுருக்க முறையில் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி சொச்சம். 2 டிபி டிஸ்க்கில் ஏறக்குறைய 23 நாள் நிற்கும். இதே வீதத்தில் வைஃபை கேமராவின் 128 ஜிபி கார்டில் ஆறு நாள்கூட முழுதாக நிற்காது. தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வருகிற குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசம். டிஸ்க் வாங்கும்போது டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி கேமராவுக்கென்றே செய்ததை வாங்குங்கள், இரவு பகல் நிற்காமல் எழுதுகிற வேலை அது.

மெகாபிக்சலை விட லென்ஸ் முக்கியம் என்று எத்தனை பேரிடம் சொன்னாலும் தகும். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது ஐரோப்பியத் தரக்கணக்கு. 4 மெகாபிக்சல் படத்தின் அகலம் 2560 பிக்சல், அப்படியென்றால் அது சுமார் 10 மீட்டர் அகலத்துக்குத்தான் தாங்கும். எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு விற்கிற 2.8 மி.மீ. லென்ஸ் அந்த அகலத்தை 4 மீட்டர் தூரத்திலேயே தின்றுவிடுகிறது. வீட்டுச் சுவரிலிருந்து கேட் 6 மீட்டர் என்று வையுங்கள்: கேட்டில் நிற்பவன் சட்டை நிறம் தெரியும், முகம் கலங்கிப் போகும். அதே இடத்தில் பார்வை அகலம் குறைந்த 4 மி.மீ. லென்ஸ் போட்டால் முகம் கிடைக்கும். போர்ச் முழுக்கப் பார்க்க ஒரு 2.8, கேட்டுக்கு ஒரு 4, இதை மட்டும் கேட்டு வாங்கினாலே பாதிக் காசு வீணாகாது. வைஃபை ரகங்களில் பல மாடலில் இப்படித் தேர்ந்தெடுக்க வழியே இல்லை.

பிஓஇ-யின் பலவீனம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: இடி. நம் பக்கம் சாயங்கால மழை எப்படி இடித்துக்கொண்டு வரும் என்று சொல்லத் தேவையில்லை. வெளியே ஓடுகிற செம்பு வயர் வழியாக மின்தாக்கம் உள்ளே ஏறினால் ஒரு கேமராவோடு நிற்காது, பெட்டி, ரௌட்டர் எல்லாவற்றையும் சேர்த்துக் கருக்கிவிடும். வைஃபை என்றால் பெரும்பாலும் அந்த ஒன்றோடு போகும். ஆகவே கேமராவை இரும்புக் கூரைச் சட்டத்தில் நேரடியாகத் திருகாமல் பிளாஸ்டிக் பெட்டி வைத்துச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள், மின்தாக்கத் தடுப்பானை (சர்ஜ் புரொடெக்டர்) எர்த்தோடு இணைத்துப் போடச் சொல்லுங்கள். இடிக்கு ட்ரிப் ஆகிற இஎல்சிபி, அதாவது மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச், ஆள் இல்லாத வீட்டில் விழுந்தே கிடக்கும், அதைத் திரும்பத் தானே தூக்கிவிடுகிற வகை கிடைக்கிறது, வயர்மேனிடம் கேளுங்கள்.

எதை வாங்கினாலும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016இல் மிராய் என்கிற தீநிரல் உலகம் முழுக்க கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, ஆலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். 2021இல் ஹிக்விஷன் கேமராக்களில் கடுமையான ஓட்டை ஒன்று வெளிவந்து, நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்களுக்கு அந்தத் திருத்தத்தால் பயனில்லை. மாட்டுகிறவர் வைத்த பாஸ்வேர்டு அவர் கையிலும் இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். அப்பா அம்மா படுக்கிற அறைக்குள் கேமரா வேண்டவே வேண்டாம், பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் என்விஆரில் அந்த இடத்தை மறைக்க வசதி இருக்கிறது.

ஆக, ரினோவேஷன் நடக்கிறதென்றால் வாசல், பின்பக்கச் சமையலறை, இரண்டு பக்கச் சந்து என்று நான்கு இடத்துக்கும் கேட்-6 (Cat6) நெட்வொர்க் கேபிளைக் குழாய்க்குள் விட்டு வையுங்கள், கையில் காசு இல்லையென்றால் கேமராவை அடுத்த வருடம்கூட வாங்கலாம். இப்போதைக்கு ஹாலுக்கு ஒரு வைஃபை. வாடகை வீடு, அல்லது எல்லாம் பூசி முடித்த வீடு என்றால் வாசலுக்கும் வைஃபை போதும், ரௌட்டரை மட்டும் வாசல் பக்கம் நகர்த்துங்கள்.

மாட்டிய அன்றே முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பகலில் எல்லாக் கேமராவும் அழகாகத்தான் தெரியும். இருட்டிய பிறகு ஒருவரைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்து, போனில் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை கட்டினால் இரவெல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும், செம்பனையை ஒட்டின வீட்டில் இது வாரத்துக்கு வாரம் நடக்கிறது. எட்டித் துடைக்கிற உயரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.