மீனுக்காகப் போனேன், சோற்றுக்காகத் திரும்பத் திரும்பப் போகிறேன்

டோக்கியோவின் கின்ஸா பகுதியில் முதல்முறை ஒரு சுஷி கவுண்டரில் உட்கார்ந்தபோது, வினிகர் சோற்றின் மேல் மீன் வைத்து நீட்டிய முதல் துண்டை நான் சாப்பிடவில்லை, படம் எடுத்தேன். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொன்று, கோணம் மாற்றி மற்றொன்று. நிமிர்ந்து பார்த்தால், சமையற்காரர் அந்தத் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "டோஸோ" என்று நீட்டினார். வாயில் போட்டேன். சோறு வெதுவெதுப்பாக இருந்தது. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்கு உறைக்க இன்னும் இரண்டு பயணம் ஆயிற்று.

அது 2017. அதிலிருந்து 2024 வரை ஐந்து முறை ஜப்பான் போய்வந்தாயிற்று. நான் தூத்துக்குடிக்காரன், மீனைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்ற மிதப்பு இருந்தது. அதனால் முதல் இரண்டு தடவையும் கொழுத்த சூரையின் வயிற்றுப் பகுதி, டோரோ, எங்கே நன்றாக இருக்கும் என்றே தேடி அலைந்தேன். நன்றாகத்தான் இருந்தது. கொழுப்பு நன்றாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

சுஷிக் கடையில் சோற்றுக்கு ஷாரி என்று பெயர். நல்ல கடையில் அது கிட்டத்தட்ட உடம்புச் சூட்டில் இருக்கும். சில இடங்களில் லேசான பழுப்பு நிறம். சாக்கே என்ற அரிசி மதுவைப் பிழிந்த சக்கையை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து எடுக்கும் சிவப்பு வினிகரின் வேலை அது. கையில் பிடித்தால் உதிராது, நாக்கில் பட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரியும். புது அரிசியில் ஈரம் அதிகம், வினிகரைச் சரியாக இழுக்காது என்று பழைய அரிசியைக் கலக்கிறவர்கள் உண்டு. நம் வீட்டிலும் புது அரிசி குழையும் என்று பழைய அரிசியைத்தானே கேட்டு வாங்குகிறோம்? படம் எடுப்பதற்குள் இந்தச் சோறு ஆறிவிடும் என்பது புரிந்த பிறகு ஃபோனைப் பையில் போட்டுவிட்டேன். வைத்த மாத்திரத்தில் எடுத்து வாயில் போட்டுவிட வேண்டும். கையால் எடுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு கடையை எடைபோட இப்போது நான் காத்திருப்பது கொஹாடாவுக்கு. மத்திக்கு உறவுக்கார மீன், விலை மலிவு, முள் அதிகம். உப்பில் எவ்வளவு நேரம், வினிகரில் எவ்வளவு நேரம் என்பது அன்றைய மீனின் பருமனையும் கொழுப்பையும் பார்த்து மாறும். காசை அள்ளி வீசி நல்ல டோரோ வாங்கிவிடலாம். கொஹாடாவுக்குக் கைதான் வேண்டும்.

சோற்றின் சூடுதான் நேர ஒழுங்குக்கும் காரணம். என்ன பரிமாறுவது என்பதைச் சமையற்காரரே முடிவுசெய்யும் பல ஓமகாசே கடைகளில் எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்து, அதற்குத் தக்கபடி சோறு வடிப்பார்கள். ஒருமுறை ஷின்ஜுகு ஸ்டேஷனில் தப்பான வாசலில் வெளியே வந்து இருபது நிமிடம் தாமதமானேன். மற்றவர்கள் ஐந்தாவது துண்டில் இருந்தார்கள். எனக்கு மட்டும் வரிசையாக நான்கைத் தள்ளினார்கள். பில் முழுசாகவே வந்தது. தப்பு என்னுடையது. ஆனால் வேறொரு கடையில், பெயர் வேண்டாம், வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு ஒரு மீன், எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு வேறு மீன் என்று போனதைக் கண்ணாலேயே பார்த்தேன். சாக்கே பட்டியலில் விலையும் இல்லை. வெளியே வரும்போது வயிறு நிறைந்திருந்தது, மனசு நிறையவில்லை.

அப்புறம் கியோத்தோ. ஒவ்வொரு பதார்த்தமாக வரிசையாக வரும் கைசெகி விருந்தில் நடுவில் ஒரு சூப் வரும், அரக்குப் பூசிய கிண்ணத்தில். மூடி சூட்டில் ஒட்டிக்கொண்டு வரவே வராது. பரிமாறிய அம்மா கிண்ணத்தின் இரு பக்கத்தையும் லேசாக அமுக்கிக் காட்டினார், பட்டென்று விட்டது. ஆவியோடு வந்த வாசத்தில் ஒரு நிமிடம் எனக்கு ஊர் தெரியவில்லை. ஆச்சி அம்மியில் மாசி தட்டும்போது வரும் வாசம்! கட்சுவோபுஷியும் நம் மாசிக் கருவாடும் ஒரே சூரை இனத்தில் செய்வது. இரண்டையும் அவித்து, புகை காட்டி, கட்டையாகக் காயவைக்கிறார்கள். உயர்ந்த ரக கட்சுவோபுஷியில் மட்டும் அதற்கு மேல் பூஞ்சணமும் பிடிக்கவிடுவார்கள். நாம் இடித்துச் சம்பல் ஆக்குகிறோம், அவர்கள் சீவி, கொம்பு என்ற கடற்பாசி ஊறிய சுடுநீரில் போட்டு உடனே வடித்துவிடுகிறார்கள். அதுதான் டாஷி. கண்ணாடி மாதிரி தெளிவான நீர். அதில் ஜூலை மாதம் ஹாமோ மிதந்தது. விலாங்கு மாதிரியான, உடம்பெல்லாம் முள்ளான மீன். தோல் அறாமல், மூன்று சென்டிமீட்டருக்கு இருபதுக்கும் மேற்பட்ட வெட்டு போட்டு முள்ளைப் பொடித்துவிடுவார்கள். வெந்நீரில் போட்டதும் பூப்போல விரியும்.

இந்த டாஷிதான் சைவக்காரர்களுக்குக் கண்ணி. என் மனைவி மீன் தொடமாட்டார். "காய்கறி மட்டும்" என்று முன்கூட்டியே எழுதியும், ஓர் இடத்தில் கத்தரிக்காய் டாஷியில் வெந்து வந்தது. பொய் சொல்லவில்லை, அவர்கள் கணக்கில் அது காய்கறிதான். அதன்பின் கோயில் உணவான ஷோஜின் ரியோரிக்கு மாறிவிட்டோம். அரஷியாமாவில் தென்ர்யூஜி மடத்துக்குள் இருக்கும் ஷிகெட்சு உணவகத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எள்ளையும் குட்ஸு என்ற கிழங்கு மாவையும் சேர்த்துக் கிண்டிய எள் டோஃபுவில் அவர் என் பங்கையும் எடுத்துக்கொண்டார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் பெயர்பெற்ற சுஷி கவுண்டரில் இரவுச் சாப்பாடு தலைக்கு 30,000 யென்னுக்குக் குறைவாக எனக்கு அமையவில்லை. வரி 10 சதவீதம், சில இடங்களில் சேவைக் கட்டணம் தனி, டிப்ஸ் கிடையாது. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுப் பணமும் போகலாம். 2019-ல் டாலருக்கு 110 யென் அளவில் இருந்தது 2024 ஜூலையில் 160-ஐத் தாண்டியதால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆனாலும் என் ஓட்டு மதியத்துக்குத்தான். அதே கை, அதே சோறு, பாதிக்கும் குறைந்த விலை. உணவகங்களுக்கு மிஷலின் வழிகாட்டி தரும் நட்சத்திரத்தை எண்ணுவதை மூன்றாம் பயணத்தோடு விட்டேன்.

இத்தனையிலும் மறக்காதது கியோத்தோவில் ஒரு சின்னக் கடை, எட்டு நாற்காலி. கண்ணெதிரே மண்சட்டியில் சோறு. இன்னும் புழுங்கி முடியாத நிலையில் ஒரு வாய் எடுத்து வைத்தார்கள். நியேபானா என்று பெயராம். நடுவில் லேசாகக் கடித்தது, பாலாக இனித்தது. கடைசியில் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி உப்புத் தூவிக் கொடுத்தார். சின்ன வயதில் அதற்காக அண்ணனோடு அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த பயணம் அக்டோபர் கடைசியில், புது அரிசி வந்திருக்கும் சமயம். அந்தக் கடைக்குச் சொல்லியாயிற்று. ஸ்டேஷனில் எந்த வாசல் என்பதையும் இப்போதே குறித்துவைத்துவிட்டேன்.