கிடங்கைக் கட்டி வாடகைக்கு விடுவதா, தானே நடத்துவதா: உள்ளூர் ஆட்களுக்கு வேலை எதில்?

ரியல் எஸ்டேட் நிறுவனம் ஒன்று லாஜிஸ்டிக்ஸில், அதாவது சரக்கைச் சேமித்து அனுப்பும் தொழிலில், இறங்க முக்கியமாக இரண்டு வழி உண்டு. கிடங்கைக் கட்டி வாடகைக்கு விடலாம், இல்லையென்றால் தானே நடத்தலாம். எந்த வழியானாலும் உள்ளூரில் வேலை பெருகும் என்றுதான் அறிவிப்பு வரும். ஆனால் சம்பளம் போடுவது யார் என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு.

முதல் வழிக்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவின் புரோலாஜிஸ். பல நாடுகளில் 100 கோடி சதுர அடிக்கு மேல் கிடங்குகள் வைத்திருக்கிறது. சொந்த ஊழியர்கள் 3,000 பேர்கூட இல்லை. உள்ளே வேலை பார்ப்பவர்கள் வாடகைதாரரின் ஆட்கள், அல்லது அவர் ஏஜென்சி மூலம் எடுத்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். எத்தனை ஷிப்ட், என்ன கூலி, எந்த வேலைக்கு இயந்திரம் என்பதெல்லாம் வாடகைதாரர் கையில். கட்டிக்கொடுத்தவர் இதில் தலையிட முடியாது. 2018 முதல் புரோலாஜிஸ் சுற்றுவட்டார மக்களுக்கு லாஜிஸ்டிக்ஸ் பயிற்சி தருகிறது. நல்ல காரியம்தான், ஆனால் பயிற்சி வேறு, வேலை வேறு.

இரண்டாவது வழியில் லீனியேஜ். 2024 ஜூலையில் பங்குச் சந்தைக்கு வந்த இதுவும் புரோலாஜிஸைப் போலச் சொத்து முதலீட்டு நிறுவனம்தான். 400-க்கு மேற்பட்ட குளிர்பதனக் கிடங்குகளைத் தானே நடத்துவதால் ஊழியர்கள் 20,000 பேரைத் தாண்டுகிறார்கள். லாரி வந்து பின்பக்கமாக நின்றதும் சரக்கின் வெப்பநிலையைப் பார்க்க ஒருவர், பேலட்டை (சரக்கு அடுக்கிய பலகையை) இறக்க ஒருவர், அடுக்க, லேபிள் ஒட்ட, ஆர்டர்படி பிரித்தெடுக்க என்று ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. உறைபொருள் அறை என்றால் மைனஸ் 18 டிகிரி. கனத்த ஜாக்கெட் போட்டிருந்தாலும் அவ்வப்போது வெளியே வந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடர முடியும். அந்த இடைவேளைக்கும் கூலி உண்டா என்பதை வேலையில் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

இதில் நிறுவனத்துக்குச் சுமை அதிகம். மின்கட்டணமும் சம்பளமும் அதன் தலையில் விழும். சரக்கு வரத்து குறைந்தால் ஷிப்டும் குறையும். இயந்திரமும் வராமல் இருக்காது. வாடகைக் கிடங்கு அந்த வகையில் பத்திரமானது, ஒருவர் காலி செய்தால் இன்னொருவர் வருவார். இருந்தாலும் வேலைதான் நோக்கம் என்றால் என் ஓட்டு, தானே நடத்தும் நிறுவனத்துக்கே. குறைந்தபட்சம், கேள்வி கேட்க ஒரு முதலாளி எதிரில் இருக்கிறார்.

லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்வது மூன்றாவது வழி. அதில் எல்லாம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

சரி, வாடகை வழிதான் என்று முடிவாகிவிட்டால்? இங்கிலாந்தில் ஒரு பிடி இருக்கிறது. 1990-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி, கட்டட அனுமதியோடு சேர்த்து உள்ளூர் ஆட்களுக்கு வேலை, பயிற்சி என்ற கடமைகளை உள்ளாட்சி எழுதி வாங்கலாம். அந்தக் கடமை நிலத்தோடு கட்டுண்டது, நிலம் கைமாறினால் அடுத்த உரிமையாளரையும் அது கட்டுப்படுத்தும். அப்படி எழுதி வாங்கும்போது கட்டுமான வேலையையும், கிடங்கு திறந்த பின் கிடைக்கும் வேலையையும் தனித்தனி எண்ணாகக் கேட்க வேண்டும். கட்டுமான வேலை கட்டடம் எழும்பியதும் முடிந்துவிடும்.