பிளைண்ட் செயலி: பெயர் சொல்லாமல் பேசும் ஐ.டி. திண்ணை

பிளைண்டில் கணக்குத் தொடங்க ஆபீஸ் மின்னஞ்சல் முகவரி வேண்டும். பெயர் சொல்லாமல் பேசுவதற்கென்றே இருக்கும் செயலி, முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறது. அந்த முகவரிக்கு ஒரு குறியீடு வரும். அதைத் திரும்ப இட்டதும் நீங்கள் இன்ன கம்பெனிக்காரர் என்பது உறுதியாகிவிடும். பிறகு ஒரு புனைபெயர். நீங்கள் எழுதும் பதிவுக்குப் பக்கத்தில் கம்பெனிப் பெயரும் அந்தப் புனைபெயரும் மட்டும் தெரியும். யாரோ ஒரு அநாமதேயம் உளறுகிறது என்று ஒதுக்க முடியாதபடி, 'உள்ளே இருக்கும் ஆள்' என்ற முத்திரையை இது கொடுக்கிறது. இந்தச் செயலியின் சரக்கே அந்த முத்திரைதான்.

தென் கொரியாவில் 2013-ல் தொடங்கியது. 2015-ல் அமெரிக்காவுக்குப் போனது. 2014 டிசம்பரில், மக்கடேமியா பருப்பைத் தட்டில் வைக்காமல் பொட்டலத்தோடு கொடுத்தார்கள் என்று முதலாளி மகள் கொரியன் ஏர் விமானத்தையே நியூயார்க்கில் திருப்ப வைத்தாரே, அந்தச் செய்தி முதலில் கசிந்த இடங்களில் பிளைண்டும் ஒன்று.

உள்ளே இரண்டு வகை இடம். எல்லாக் கம்பெனிக்காரர்களும் கலந்து பேசும் பொதுப் பகுதிகள் ஒரு வகை. உங்கள் கம்பெனி மின்னஞ்சல் உள்ளவர்களுக்கு மட்டும் திறக்கும் தனிச் சேனல் இன்னொன்று. இது நாட்டைப் பார்ப்பதில்லை, மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரை, அதாவது டொமைனைத்தான் பார்க்கிறது. ஆகவே ஒரே டொமைனில் இருந்தால் சென்னை ஓ.எம்.ஆரில் உட்கார்ந்திருப்பவரும் சியாட்டில்காரரும் ஒரே திண்ணையில்தான். சென்னை ஊழியருக்கு இதில் பெரிய லாபம் உண்டு. தலைமையகத்தில் எந்தப் பிரிவைக் கலைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு, சொந்த மேனேஜருக்கு எட்டும் முன்பே இங்கே வந்து நிற்பதுண்டு.

இப்படி ஒரு திண்ணைக்கு ஏன் இவ்வளவு கூட்டம்? கம்பெனிகள் தங்கள் சொந்தத் திண்ணையை இடித்ததுதான் காரணம். கூகுளில் டி.ஜி.ஐ.எஃப். என்று வாராந்திரக் கூட்டம் இருந்தது. ஊழியர்கள் 'டோரி' என்ற உள் கருவியில் கேள்வி போடுவார்கள், மற்றவர்கள் ஓட்டுப் போட்டு மேலே ஏற்றுவார்கள், மேலே வந்ததற்கு மேடையில் இருக்கும் தலைகள் பதில் சொல்ல வேண்டும். 2017-ல் ஜேம்ஸ் டமோர் என்ற பொறியாளர், தொழில்நுட்ப வேலைகளில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு உயிரியல் வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று உள் சுற்றுக்கு எழுதிய 10 பக்கக் குறிப்பு ஆகஸ்டில் வெளியே கசிந்தது. அவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அதைப் பேச ஆகஸ்ட் 10-ல் வைத்த கூட்டம் கடைசி நேரத்தில் ரத்து. டோரியில் போட்ட கேள்விகள் வெளியே கசிந்து, கேட்டவர்களின் பெயர்கள் இணையத்தில் ஏறியிருந்தன. தன் பெயரில் கேள்வி கேட்டால் நாளைக்கு முகம் தெரியாத கும்பல் வீட்டு வாசலுக்கு வரும் என்ற பயம் அன்று வந்தது. பயம் வந்த இடத்தில் புனைபெயர் வியாபாரமாகும்.

அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 2019 ஆகஸ்டில் அரசியல் சண்டைகளை வேலை நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கூகுள் விதி போட்டது, நவம்பரில் டி.ஜி.ஐ.எஃப். மாதம் ஒருமுறை என்று ஆனது, அதுவும் கம்பெனியின் தயாரிப்பு, வியாபாரம் பற்றி மட்டும். 2024-ல் டோரியின் இடத்துக்கு 'ஆஸ்க்' வந்தது. ஒரே மாதிரியான கேள்விகளை ஏ.ஐ. ஒன்றாகச் சுருக்கித் தரும். நூறு பேர் நூறு விதமாகக் கோபப்பட்டுக் கேட்டதை ஒரு சாந்தமான வாக்கியமாக்கி மேடைக்கு அனுப்பினால், பதில் சொல்பவருக்கு வேலை சுலபம்தான். மற்ற இடங்களும் இதே பாதைதான். கிரிப்டோ சந்தை நடத்தும் காயின்பேஸ் 2020-ல் அரசியலை வெளியே வை என்றபோது 60 பேர், அதாவது 5 சதவீதம், பணம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். மென்பொருள் கம்பெனியான பேஸ்கேம்ப் 2021-ல் அதையே செய்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் போய்விட்டார்கள்.

இனி செயலிக்கே வருவோம். இதில் உண்மையிலேயே தேறுவது சம்பளப் பேச்சு. எதைக் கேட்டாலும் முதலில் 'டி.சி. எவ்வளவு?' என்று திருப்பிக் கேட்பார்கள். டி.சி. என்றால் மொத்த வருமானம்: அடிப்படைச் சம்பளம், போனஸ், அந்த ஆண்டு கைக்கு வரும் கம்பெனிப் பங்கு. ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அமேசானில் தருவதாகச் சொல்லும் பங்கு நான்கு ஆண்டில் தவணையாகத்தான் கைக்கு வரும்; அதற்கு வழக்கமான கணக்கு 5, 15, 40, 40 சதவீதம். 2 லட்சம் டாலர் பங்கு என்று ஒருவர் சொன்னால் முதல் ஆண்டில் வருவது 10 ஆயிரம், மூன்றாம் ஆண்டில் 80 ஆயிரம். நடுவில் இருக்கும் பள்ளத்தை முதல் இரண்டு ஆண்டு ரொக்க போனஸ் நிரப்பும். ஒருவர் நான்கால் வகுத்து 50 ஆயிரம் என்று எழுதுவார், இன்னொருவர் மூன்றாம் ஆண்டுத் தொகையை எழுதுவார், வேறொருவர் பங்கு விலை ஏறிய பிறகு இருக்கும் மதிப்பை எழுதுவார். மூன்றும் பொய் இல்லை, மூன்றும் ஒரே எண்ணும் இல்லை. படிநிலையையும் சேர்த்துப் பாருங்கள்: கூகுளில் சீனியர் என்றால் எல்5, அமேசானில் எல்6. எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பேரம் பேசும்போது அசடு வழிய வேண்டியிருக்கும்.

ஆட்குறைப்பு வதந்தி இதன் அடுத்த பெரிய சரக்கு. 'அடுத்த வாரம் பெரிய வெட்டு' என்ற பதிவு ஆண்டு முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் அது எப்போதாவது பலிக்கவும் செய்யும். பிரிவின் பெயர், தேதி இரண்டும் இருந்து, கீழே அதே கம்பெனி முத்திரையோடு வேறு வேறு ஆட்கள் வேறு வேறு விவரம் சேர்த்தால் மட்டும் காது கொடுங்கள். அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி பெரிய அளவில் ஆட்களை நீக்கினால் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது சட்டம். கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் அந்த அறிவிப்புகளைப் பொதுவில் போடுகின்றன. ஆனால் அதை மட்டும் நம்பி உட்காரவும் முடியாது. அந்த 60 நாளுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு அன்றைக்கே ஆபீஸ் கணக்கை முடக்குவதும் உண்டு. 2023 ஜனவரி 20-ல் கூகுள் 12 ஆயிரம் பேரை நீக்குவதாக அறிவித்தபோது அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது.

சரி, பெயர் வெளியே வராது என்பது எவ்வளவு உண்மை? மின்னஞ்சலையும் கணக்கையும் இணைக்காமல் பிரித்து வைக்கிறோம் என்பது பிளைண்டின் வாக்கு. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அந்தக் குறியீடு வந்தது உங்கள் ஆபீஸ் மெயில் சர்வர் வழியாக. எத்தனை மணிக்கு, யாருக்கு, எங்கிருந்து வந்தது என்பது அங்கே பதிவாகியிருக்கும். நீங்கள் எழுதியது எது என்று ஐ.டி. பிரிவுக்குத் தெரியாது, நீங்கள் பிளைண்டில் இருக்கிறீர்கள் என்பது தெரியும். ஆபீஸ் வைஃபையில் திறந்தால் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். ஆபீஸ் லேப்டாப்பில், பாதுகாப்பு மென்பொருள் மறையாக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் வகையாக இருந்தால், எழுதியதும் தெரியும். சொந்த போன், சொந்த டேட்டா. இதில் விதிவிலக்கே வேண்டாம். உபர் 2017-ல் தன் அலுவலக நெட்வொர்க்கில் இந்தச் செயலியைத் தடுத்தது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

உண்மையில் ஆட்கள் மாட்டுவது தொழில்நுட்பத்தால் அல்ல, வாயால். 'சென்னை ஆபீஸ், பேமென்ட்ஸ் டீம், மார்ச்சில் மேனேஜர் மாறினார், இரண்டு மாதமாக பி.ஐ.பி.' என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். (பி.ஐ.பி. என்றால் வேலை சரியில்லை, திருத்திக்கொள் என்று கெடு வைப்பது.) முதல் விவரத்தில் ஆயிரம் பேர் மிஞ்சுவார்கள், இரண்டாவதில் நாற்பது, மூன்றாவதில் எட்டு. நான்காவதைப் படிக்கும் மேனேஜருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. மாதத்தை மாற்றுங்கள், ஊரை விடுங்கள், டீமைச் சொல்லாதீர்கள். அப்படியும் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

செயலி பக்கமும் ஓட்டை உண்டு. 2018 இறுதியில் கடவுச்சொல்லே இல்லாமல் கிடந்த ஒரு சர்வரில் பயனர்களின் ஆபீஸ் முகவரிகளும் தனிச் செய்திகளும் வெட்டவெளியில் இருந்ததை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தார். 'உள்ளே இருக்கும் ஆள்' முத்திரைக்கு விழுந்த அடி வேறு: 2023 ஆகஸ்டில் சியோலின் கங்னம் நிலையத்தில் கத்திக்குத்து நடத்தப்போவதாக, போலீஸ் முத்திரையோடு ஒரு பதிவு வந்தது. பிடிபட்டவர் போலீஸ்காரரே இல்லை. காசு கொடுத்து வாங்கிய கணக்கு. ஒரு கம்பெனியைப் பற்றி அதன் முத்திரையோடு எழுதியிருப்பதாலேயே அதை வேதவாக்காக எடுக்காதீர்கள்.

அரசியல் விவாதத்துக்கு இது சுத்தமாக லாயக்கில்லை. விசா, இனம், சாதி என்று எது வந்தாலும் பத்தாவது கருத்துக்குள் நாறிவிடும். இந்தியர்கள் மேல் கொட்டப்படும் வசையும், இந்தியர்களுக்குள்ளேயே கொட்டிக்கொள்ளும் வசையும் ஏராளம். பெயரோடு பேச முயன்றாலும் கதி என்ன என்பதற்கு 2022 ஏப்ரலைப் பார்க்கலாம். தமிழ்ப் பூர்வீகம் கொண்ட தலித் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுளில் சாதி பற்றிப் பேசவிருந்தார். உள்ளே இருந்த சில ஊழியர்களின் எதிர்ப்பு மின்னஞ்சல்களுக்குப் பிறகு உரை ரத்தானது. ஏற்பாடு செய்த தனுஜா குப்தா பின்னர் ராஜினாமா செய்தார்.

ஆனாலும் கம்பெனியின் முடிவை மாற்றிய பேச்சுகளைப் பட்டியலிட்டால் பிளைண்ட் அதில் வராது. 2018-ல் அமெரிக்க ராணுவத்தின் ட்ரோன் படங்களை ஆராயும் மேவன் திட்டத்தை எதிர்த்து கூகுளில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். ஏறக்குறைய ஒரு டஜன் பேர் வேலையை விட்டார்கள். ஜூனில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று கம்பெனி சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 1-ல் சுமார் 20 ஆயிரம் பேர் பாலியல் புகார்களை நிர்வாகம் கையாண்ட விதத்தைக் கண்டித்து வெளிநடப்பு செய்தார்கள். அடுத்த வாரமே அத்தகைய புகார்களில், கோர்ட்டுக்குப் போகவிடாத கட்டாய நடுவர் தீர்ப்பு முறை கைவிடப்பட்டது. மேவன் கடிதத்தில் இருந்தவை நிஜப் பெயர்கள்.

சம்பளம் பேசப் போகிறவர்கள், வேலை மாறப் போகிறவர்கள் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம், இலவசம்தான். அறிவிப்புகளை மட்டும் முதல் நாளே அணைத்துவிடுங்கள். இரவு பதினோரு மணிக்கு 'நாளைக்கு லேஆஃப்?' என்று வரும் ஒரு வரி, தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது.