கார்பன் ஃபைபர் தொரட்டி: எடைக்கு முழு மார்க், ‘ஷாக் அடிக்காது’ என்ற பேச்சுக்கு சைபர்

பாக்கு, தேங்காய் பறிக்கவும் மருந்தடிக்கவும், ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கி நீளும் கார்பன் ஃபைபர் தொரட்டிகள் தோட்டக்காரர்களிடையே வேகமாகப் பரவி வருகின்றன. மரம் ஏற ஆள் கிடைக்காத காலத்தில், அறுபதடி உயரத்துக் குலையைத் தரையில் நின்றே அறுக்கலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? கருவி என்ற அளவில் இதைக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் விற்பவர்களில் சிலர், ‘இது பிளாஸ்டிக் மாதிரிதான், கரன்ட் பாயாது’ என்று சொல்லிக் கையில் கொடுக்கிறார்கள். அது தவறு, உயிருக்கே ஆபத்தான தவறு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். 40 மி.மீ. வெளி விட்டம், 1.5 மி.மீ. கனம் உள்ள குழாயை எடுத்துக்கொண்டால், ஒரு மீட்டர் அலுமினியம் கிட்டத்தட்ட 490 கிராம். அதே அளவு கண்ணாடி இழைக் குழாய், அதாவது ஃபைபர் கிளாஸ், 350 கிராம். கார்பன் 280 கிராம்தான். எடையைவிட முக்கியம் விறைப்பு. இழைகள் நீளவாக்கில் ஓடும் கார்பன் குழாய், அதே அளவு கண்ணாடி இழைக் குழாயைவிட மூன்று மடங்கு விறைப்பானது, அலுமினியத்தையும் மிஞ்சும். ஐம்பது அடிக்கு மேல் போகும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கண்ணாடி இழைக் கம்பு மேலே வில்லாக வளைந்து ஆடும். அரிவாளைக் குலைக் காம்பில் மாட்டுவதற்குள் கழுத்து வலித்துவிடும். கார்பன் நேராக நிற்கும். விலை பல மடங்கு அதிகம் என்றாலும் உயர மரங்களுக்கு அந்தப் பணம் வீண் இல்லை.

இனி கரன்ட். கார்பன் இழையின் மின்தடை எண் செம்பைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. ‘பார்த்தீர்களா, ரொம்ப மட்டமான கடத்தி’ என்று விற்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்தக் கணக்கைத்தான். கணக்கு சரி, அதிலிருந்து வரும் முடிவு தப்பு. மேலே சொன்ன குழாயில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் இருந்தால், மீட்டருக்கு 0.2 ஓம் அளவில் வரும். அறுபதடிக்கு, அதாவது 18 மீட்டருக்கு, நாலைந்து ஓம். குழாய்க்குக் குறுக்காக ஓடும் இழைகள் அதிகம் இருந்தால் இன்னும் சில ஓம் கூடும். மனித உடம்பின் தடையோ 1,000 ஓம் என்ற கணக்கில் வருவது. ஆயிரத்தோடு ஐந்து சேர்ந்தாலும் ஒன்றுதான், சேராவிட்டாலும் ஒன்றுதான். அலுமினியக் கம்பில் அடிக்கும் ஷாக்குக்கும் இதில் அடிக்கும் ஷாக்குக்கும் ஆளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

11 கே.வி., அதாவது 11,000 வோல்ட் லைனில் ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே இருப்பது 6,350 வோல்ட். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவர் உடம்பில் ஆம்பியர் கணக்கில் பாயும். கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரிலேயே இறங்கிவிடும் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் லைனில் ஓடும் லோடுக்கு முன்னால் இந்தச் சில ஆம்பியர் பெரிதாகத் தெரியாது. லைன் தானாக டிரிப் ஆகிக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

‘மேலே கோட்டிங் இருக்கிறதே’ என்பது அடுத்த பதில். அந்த கிளியர் கோட் அதிகபட்சம் 0.1 மி.மீ. நல்ல எபாக்ஸி ஒரு மி.மீ.க்கு 15 முதல் 20 கே.வி. தாங்கும் என்று வைத்தால், 0.1 மி.மீ.க்கு இரண்டு கே.வி.யைத் தாண்டாது. அதுவும் கீறல் இல்லாத புது கோட்டிங்குக்கு. அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று உரசும் இடத்தில்தான் கோட்டிங் முதலில் தேயும். மூட்டுகளில் மணல் புகுந்தால் ஒரு பறிப்புக் காலத்திலேயே கறுப்பு இழை வெளியே தெரியத் தொடங்கும்.

கடையில் மல்டிமீட்டர் வைத்துக் காட்டும் சோதனையும் இதனால்தான் ஏமாற்றுகிறது. இரண்டு புரோப்பையும் வழவழப்பான மேல்பரப்பில் வைத்தால் மீட்டர் ‘ஓப்பன்’, அதாவது கரன்ட் பாயவில்லை என்று காட்டும். முழுக் கம்பையும் நீட்டி இரண்டு முனையில் வைத்தாலும், புதுக் கம்பில் மூட்டுகளின் கோட்டிங் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்து அதையே காட்டலாம். மீட்டரின் ஒன்பது வோல்ட் பேட்டரியால் கோட்டிங்கைத் துளைக்க முடியாது, ஆறாயிரம் வோல்ட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சரியாகப் பார்க்க வேண்டுமானால் ஓர் அடுக்கைக் கழற்றி, குழாயின் அறுத்த வாயை 400 நம்பர் எமரி பேப்பரால் லேசாகத் தேயுங்கள். சாம்பல் கறுப்பாக இழை தெரிந்ததும் இரு முனையிலும் அலுமினிய ஃபாயிலை இறுக்கி அழுத்தி, ஃபாயில்மேல் புரோப்பை வையுங்கள். சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரை காட்டினால் அது கார்பன். எதுவுமே காட்டாவிட்டால் கறுப்பு பெயின்ட் அடித்த கண்ணாடி இழை. அதற்குக் கார்பன் விலை கொடுக்க வேண்டாம். தேய்க்கும் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள், திறந்து கிடக்கும் எலக்ட்ரானிக்ஸ் பக்கத்தில் தேய்க்கவும் வேண்டாம்: அந்தத் தூசியும் கடத்தும்.

கைப்பிடியில் ஓர் அடி, இரண்டு அடிக்கு ரப்பர் உறை போட்டு ‘ஷாக் புரூஃப்’ என்று ஒட்டி வருவதும் உண்டு. கம்பை நீட்டும்போதும் மடக்கும்போதும் கை அந்த உறைக்கு மேலேதான் போகும். கம்பு தோளிலும் தொடையிலும் சாயும். 17 கே.வி. வரை தாங்கும் கிளாஸ் 2 ரப்பர் கையுறை கையை மட்டும்தான் காக்கும். அரிவாளும் மட்டைச் சிராய்ப்பும் புழங்கும் வேலையில் அதில் ஓட்டை விழாமல் இருப்பதும் கஷ்டம்.

அப்படியானால் கண்ணாடி இழைக் கம்பு பாதுகாப்பா? உலர்ந்து சுத்தமாக இருக்கும்வரை அது நல்ல இன்சுலேட்டர், சந்தேகமே இல்லை. மின்வாரியங்கள் கரன்ட் இருக்கும் லைனில் பயன்படுத்தும் ‘ஹாட் ஸ்டிக்’ இதே கண்ணாடி இழையும் ரெசினும்தான். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி அது ஓர் அடி நீளத்துக்கு 1,00,000 வோல்ட்டை ஐந்து நிமிடம் தாங்க வேண்டும். ஈரம் புகாமலிருக்க உள்ளே ஃபோம் நிரப்பிய தண்டுகள் அந்த வேலைக்கு உண்டு. தோட்டத் தொரட்டி உள்ளீடற்றது, ஒன்றுக்குள் ஒன்று சறுக்க வேண்டியது; ஃபோம் அடைக்க வழியில்லை. மழைநீரும் பனியும் உள்ளே தங்கும். வெளியே தூசியும் மருந்துப் படிவும் ஈரமானால் மேற்பரப்பே கடத்தத் தொடங்கும். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் மீட்டர் கையில் இருந்தால் இதை நீங்களே பார்க்கலாம்: 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஃபாயில் பட்டை சுற்றி 1,000 வோல்ட் கொடுங்கள். உலர்ந்த நிலையில் முள் இன்ஃபினிட்டியில் நிற்கும். ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், முள் எவ்வளவு இறங்குகிறது என்று. இந்தச் சோதனையில் தேறினாலும் அது ஹாட் ஸ்டிக் ஆகிவிடாது.

வெயிலிலேயே போட்டு வைத்தால் மேல் ரெசின் உதிர்ந்து இழை முடி போலக் கிளம்பும். பிடித்தால் கை அரிக்கும், அந்த இழை நடுவில் ஈரமும் அழுக்கும் நிற்கும். அந்த நிலைக்கு வந்த கம்பை இன்சுலேட்டர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மருந்தடிப்பவர்கள் கவனிக்க: பாக்குக்குப் போர்டோ கலவை, அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, ஹோஸில் ஏறும்போது கம்பின் நீளத்துக்கு ஒரு நீர்ப்பாதை உண்டாகிறது. ஒழுகி வழிந்தால் வெளியிலும் ஒன்று. கம்பு கண்ணாடி இழை என்ற தைரியம் அங்கே செல்லாது. இழுத்து வெட்டும் கத்தரிக்கு இரும்பு வயர் ஓடும் மாடல் இன்னும் மோசம்.

எங்கள் கணிப்பு: முப்பதடிக்குள் வேலை முடிகிறதா, கண்ணாடி இழையே போதும், விலையும் குறைவு. ஐம்பதுக்கு மேல் கார்பன்தான், ஆனால் லைன் போகாத தோப்புக்கு மட்டும். அடிக்குழாய் மட்டும் கண்ணாடி இழையில், மேலே எல்லாம் கார்பனாக அமைத்துத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். அடியில் கூடும் எடை கைக்குத் தெரியாது. அதிலும் கார்பன் அடுக்கு உள்ளே நுழைந்திருக்கும் நீளத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் இன்சுலேஷனாக எண்ண வேண்டும். மடக்கிய நிலையில் அந்த மிச்சம் பூஜ்யம்.

லைனுக்கு உள்ள தூரத்தைக் கம்பு எட்டும் இடத்தை வைத்து அளக்காதீர்கள், சாய்ந்தால் எங்கே விழும் என்று அளங்கள். அறுபதடிக் கம்பு கைநழுவினால் சுற்றிலும் அறுபதடி வட்டத்தில் எங்கும் விழலாம். வயல்வெளியில் 11 கே.வி. கம்பி தரையிலிருந்து 4.6 மீட்டர், அதாவது பதினைந்தடி உயரத்தில் போகவே விதி இடம் கொடுக்கிறது. அந்த வட்டத்துக்குள் லைன் வந்தால் லைன்மேனிடம் சொல்லி எல்.சி., அதாவது லைனில் கரன்ட்டை நிறுத்தியாகிவிட்டது என்ற ‘லைன் கிளியர்’ வாங்கிய பிறகே கம்பைத் தூக்க வேண்டும். இடி முழக்கம் கேட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

கடைசியாக, கார்பனின் கடத்தும் குணம் கம்பையே கெடுக்கும் ஓர் இடம் உண்டு. அலுமினிய கிளாம்ப் கார்பன்மேல் நேராக உட்கார்ந்து, இடையில் மருந்துத் தண்ணீர் நின்றால், இரண்டும் பேட்டரி போல வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். கிளாம்ப் ஓரத்தில் வெள்ளைப் பொடி, பிறகு தளர்ந்த ரிவெட், பிறகு நீட்டிய அடுக்கு திடீரென்று சறுக்கி இறங்குவது என்று வரிசையாக வரும். மருந்தடித்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, அடுக்குகளைப் பிரித்து நிழலில் உலர்த்துங்கள். வாங்கும்போதே கிளாம்புக்கு அடியில் கண்ணாடி இழைச் சுற்றோ பிளாஸ்டிக் வளையமோ இருக்கிறதா, போல்ட் ஸ்டெயின்லெஸ்தானா, கிளாம்ப் தனியாக ஸ்பேர் கிடைக்குமா என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லாத மாடலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.