வடசேரியில் ஒரு பழைய புத்தகக் கடை

நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள இந்தப் பழைய புத்தகக் கடையில், ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் பற்றிய 1991 முதல் 1999 வரையிலான வார இதழ்களைக் கேட்டேன். கடைக்காரர் பரணிலிருந்து இரண்டு கட்டுகளை இறக்கிக் கொடுத்தார். ஆண்டு வாரியாக அடுக்கிச் சணலால் கட்டியிருந்த ஒழுங்கு பாராட்டுக்குரியது.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா சேதமின்றிக் கிடைத்ததே துப்புத் துலங்கக் காரணமாயிற்று. ஆனால், தற்கொலைக் கொலையாளி இடுப்பில் கட்டியிருந்த வெடிகுண்டைச் செய்தது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை தெளிவான விடை இல்லை. பாதுகாப்புக் குறைபாடுகளை வர்மா ஆணையமும், சதியின் பின்னணியை ஜெயின் ஆணையமும் ஆராய்ந்தன. சதியை மேலும் விசாரிக்க 1998இல் பல்துறைக் கண்காணிப்பு முகமையும் அமைக்கப்பட்டது. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் விதித்த மரண தண்டனையை, 1999இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டுமே உறுதிசெய்தது. இவற்றையெல்லாம் அவ்வப்போது வெளிவந்த செய்திகளாகவே வாசிப்பது தனி அனுபவம்.

குறையும் உண்டு. கொலைச் சதியை முன்னின்று நடத்திய சிவராசன் பெங்களூரின் கோணனகுண்டேயில் இறந்த 1991 ஆகஸ்ட் மாத இதழொன்றில் நடுப்பக்கங்களே இல்லை. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் மட்டும் தொங்கியது. (படங்களுக்காக யாரோ கிழித்திருக்க வேண்டும்.) மாற்றித் தரக் கேட்டபோது, கடைக்காரர் விலையைக் குறைத்தாரே தவிர, வேறு பிரதி தேடித் தரவில்லை. வாங்குபவர்கள் அங்கேயே பக்கங்களைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளவும்.